புத்தாண்டு இரவில் பிறந்த பலூன்

பண்டிகைக் காலம் வந்துவிட்டால் பத்திரிகைகளில் ஒரு பெட்டிச் செய்தி தவறாமல் இடம்பெறும். நத்தாராயினும் சித்திரைப் புத்தாண்டாயினும், வீதி விபத்துகளில் மாண்டவர்கள் இத்தனை பேர், வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்டவர்கள் இத்தனை பேர் என்ற கணக்கே அது. நீண்ட காலம் செய்தி மேசையில் பணியாற்றிய எனக்கு அச்செய்திகளின் வாசகங்கள் மனப்பாடம். "சாரதியின் கட்டுப்பாட்டை இழந்த வாகனம் மதகில் மோதியது" என்பது அவற்றுள் ஒன்று. சாரதி ஏன் கட்டுப்பாட்டை இழந்தார் என்பதை அந்த வாசகம் சொல்வதில்லை. செத்த வீட்டில் அதனைக் கேட்பாரும் இல்லை. "விதி முடிந்துவிட்டது" என்று கூறிக் கலைந்துவிடுவர்.

தமிழில் விதி என்ற சொல்லுக்குத் தலையெழுத்து என்றும் பொருள் உண்டு. சட்டம் என்றும் பொருள் உண்டு. பண்டிகைக் கால மரணங்களில் முதற்பொருளைக் கைவிட்டு இரண்டாவதைப் பற்றிக்கொண்ட நாடுகள் அடைந்த பயனை வரலாறு காட்டுகிறது. அவ்வரலாற்றின் நாயகன் ஒரு பலூன்.

மதுபோதையில் வாகனம் செலுத்துவது மோட்டார் வாகனத்தின் வயதையொத்த குற்றமாகும். 1897 செப்டெம்பரில் லண்டனில் மின்சார வாடகைக் காரொன்றைச் செலுத்திக் கட்டடமொன்றில் மோதிய ஜோர்ஜ் ஸ்மித் என்ற சாரதி இக்குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்ளாதவரை என்ன செய்வது? நேர்கோட்டில் நடக்கவைத்தல், நாப்புரளும் வாக்கியங்களைச் சொல்லவைத்தல், வாயை முகர்ந்து பார்த்தல் ஆகியனவே அக்காலச் சோதனைகள். முடிவு பொலிஸாரின் அல்லது வைத்தியரின் அபிப்பிராயத்தில் தங்கியிருந்தது. கெட்டிக்காரச் சட்டத்தரணி வாய்த்தவர் தப்பினார், வாய்க்காதவர் அகப்பட்டார்.

இந்நிலையை மாற்ற முனைந்தவர் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகப் பேராசிரியர் றோலா ஹார்கர். அவர் 1930களில் உருவாக்கிய கருவியில் சாரதி ஒரு பலூனை ஊதவேண்டும். அக்காற்று ஊதா நிறப் பெர்மாங்கனேற்றுக் கரைசலினூடாகச் செலுத்தப்படும். மூச்சில் மதுசாரம் இருந்தால் கரைசலின் நிறம் மங்கும். இந்தியானாபொலிஸ் நகரப் பொலிஸார் அதனை முதன்முதலாகப் பயன்படுத்திய நாள் 1938 டிசெம்பர் 31. புத்தாண்டுக்கு முந்திய அந்த இரவில் எத்தனை பேர் எந்நிலையில் வீடு திரும்புவர் என்பது அவர்களுக்குத் தெரியாததன்று.

அதே மாநிலப் பொலிஸ் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய ரொபர்ட் போர்கன்ஸ்டைன், 1954இல் கையாள எளிதான கருவியொன்றை அமைத்தார். அதனிலும் பெரிய பணியை அவர் பின்னர் செய்தார். மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ரப்பிட்ஸ் நகரில் விபத்துக்குள்ளான சாரதிகளையும், அதே இடங்களில் விபத்தின்றிச் சென்ற சாரதிகளையும் சோதித்து ஒப்பிட்டார். 1964இல் வெளியான அந்த ஆய்வு, இரத்தத்தில் மதுசாரம் கூடக்கூட விபத்தின் அபாயம் எவ்வாறு செங்குத்தாக ஏறுகிறது என்பதை எண்களால் நிறுவியது. அன்றுவரை அபிப்பிராயமாக இருந்தது அன்றுமுதல் அளவாயிற்று.

பிரித்தானியாவில் 1966ஆம் ஆண்டில் மட்டும் 7,985 பேர் வீதிகளில் மாண்டனர். அப்போதைய போக்குவரத்து அமைச்சர் பார்பரா காசில், 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம் என்ற எல்லையை விதித்துச் சட்டம் கொண்டுவந்தார். அவர் வாகனம் ஓட்டாதவர். வாகனம் ஓட்டாத பெண் வாகனம் ஓட்டுபவருக்குச் சட்டம் செய்வதா என்று ஏசினர். மிரட்டல் கடிதங்கள் வந்தன. மதுச்சாலைக்காரர் கொதித்தெழுந்தனர். அவர் அசையவில்லை. 1967 ஒக்டோபரில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. முதல் பன்னிரண்டு மாதங்களில் மரணங்கள் 1,152 குறைந்தன.

ஆயினும் அப்பயன் சில ஆண்டுகளில் மங்கலாயிற்று. சந்தேகம் எழுந்தாலோ, போக்குவரத்துக் குற்றம் அல்லது விபத்து நேர்ந்தாலோதான் பொலிஸார் சோதிக்கலாம் என்பது அச்சட்டத்தின் ஏற்பாடு. அகப்படும் வாய்ப்பு சொற்பமே என்பதைச் சாரதிகள் விரைவில் உணர்ந்துகொண்டனர்.

அந்த ஓட்டையை அடைத்த இடங்களுள் ஒன்று அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம். நத்தாருக்கு ஒரு வாரம் முன்னர், 1982 டிசெம்பர் 17ஆம் திகதி, எவரையும் காரணமின்றி மறித்து ஊதச்செய்யும் அதிகாரம் அங்கு நடைமுறைக்கு வந்தது. 1982இல் அம்மாநில வீதிகளில் மாண்டவர்கள் 1,253 பேர். 1983இல் 966 பேர். வீதிகளும் மாறவில்லை, மனிதரும் மாறவில்லை. இன்றிரவு என்னையும் மறிக்கலாம் என்ற எண்ணம் மட்டுமே புதிதாக முளைத்தது. அந்த 287 பேரும் யார் என்று எவருக்கும் தெரியாது. பிழைத்தவர்களுக்கும் தாம் பிழைத்தது தெரியாது.

தண்டனையின் கடுமையைக் காட்டிலும் அகப்படுவோம் என்ற நிச்சயமே மனிதரைத் திருத்துகிறது என்பதே இவ்வரலாறு தரும் பாடம். 80 மில்லிகிராம் எல்லையை ஏற்றுக்கொண்ட நாடுகளுள் இலங்கையும் ஒன்று. "பலூன் ஊதுதல்" எங்கள் பேச்சுவழக்கிலும் கலந்துவிட்டது. எனினும் பண்டிகை வாரத்தில் விறைப்பாக இருக்கும் சட்டம் அடுத்த வாரத்தில் தளர்ந்தால் சாரதி கற்றுக்கொள்வது தளர்ச்சியைத்தான்.

உலகெங்கும் பரந்து வாழும் எம்மவர் ஓர் எண்ணை அறிந்திருத்தல் வேண்டும். இந்தியாவில் எல்லை 30 மில்லிகிராம். நியூ சவுத் வேல்ஸில் 50. ஸ்கொட்லாந்து 2014 டிசெம்பரில் 80ஐ 50ஆகக் குறைத்தது. ஓரிடத்தில் சட்டத்துக்கு உட்பட்டவர் மற்றோரிடத்தில் குற்றவாளி.

உறங்கி எழுந்தால் தெளிந்துவிடும் என்பதும் பிழையான நம்பிக்கையே. உடல் மதுசாரத்தை மணிக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் வீதமே குறைக்கும். நள்ளிரவில் 180 மில்லிகிராமுடன் படுத்தவர் காலை ஆறு மணிக்கு எழும்போது இன்னும் 90 இருக்கும். தேசிக்காய்த் தண்ணீரோ, கடுங்கோப்பியோ, தலைமுழுக்கோ அந்தக் கணக்கை மாற்றா. கோவிலுக்கும் உறவினர் வீட்டுக்கும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு புறப்படும் பண்டிகைக் காலையும் ஆபத்தான வேளையே.

விருந்தோம்பல் எமது பெருமை. குடித்த விருந்தினரின் வாகனத் திறப்பை வாங்கி வைத்துக்கொண்டு பாய் விரித்துக் கொடுப்பதும் அவ்விருந்தோம்பலைச் சேர்ந்ததே. அன்றிரவு அவர் கோபிக்கலாம். கோபிப்பதற்கு அவர் உயிரோடிருப்பார்.