பட்டத்தின் பெயரும் பொருளும்

பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் வழங்கும் முதுநிலைப் பட்டங்கள் பெயரால் ஒன்றுபோல் தோன்றினும் தன்மையால் வேறுபட்டவை. அவ்வேறுபாடு வரலாற்றில் வேர்கொண்டது.

இடைக்காலத்தில் 'மாஸ்டர்' என்னும் சொல் பிறருக்குக் கற்பிக்கும் உரிமை பெற்றவரைக் குறித்தது. அப்பழமையின் எச்சமாக, ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் இளங்கலைப் பட்டம் பெற்றவர், குறிப்பிட்ட ஆண்டுகள் கழிந்தபின் வேறு தேர்வு எழுதாமலே எம்.ஏ. ஆகிறார். ஸ்காட்லாந்தின் எடின்பரோ, கிளாஸ்கோ முதலிய நான்கு தொன்மையான பல்கலைக்கழகங்களிலோ, கலைப் பிரிவில் நான்காண்டு பயின்று பெறும் முதற்பட்டமே எம்.ஏ. எனப்படுகிறது. மாறாக, ஆக்ஸ்போர்டில் சட்டத்திற்கான பி.சி.எல்., தத்துவத்திற்கான பி.ஃபில். ஆகியவை இளநிலைப் பெயர் தாங்கினும் முதுநிலைப் படிப்புகளே.

உழைத்துப் பெற்ற முதுநிலைப் பட்டத்திற்கு அண்ணல் அம்பேத்கரின் வாழ்வே சான்று. 1916இல் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்த அவர், பரோடா அரசின் உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் 1917இல் தாயகம் திரும்ப நேர்ந்தது. பம்பாயில் பேராசிரியராகப் பணியாற்றிப் பொருள் சேர்த்து, 1920இல் மீண்டும் லண்டன் சென்றார். இந்திய அரசு நிதியை மாகாணங்களுக்குப் பகிர்ந்தளித்த முறை பற்றிய ஆய்வேட்டிற்காக 1921இல் எம்.எஸ்சி. பட்டமும், ரூபாயின் சிக்கல் பற்றிய ஆய்வேட்டிற்காக 1923இல் டி.எஸ்சி. பட்டமும் பெற்றார்.

இன்று எம்.ஏ., எம்.எஸ்சி. பட்டங்களுள் மிகப்பல பாடவழிப் படிப்புகள். பெரும்பாலும் ஓராண்டில் முடிவன. வகுப்பும் தேர்வும் கட்டுரையும் ஆய்வேடும் சேர்ந்து பொதுவாக 180 மதிப்பலகுகள் கொண்டவை. எம்.ரெஸ். படிப்பில் ஆராய்ச்சியே பெரும்பகுதி. எம்.ஃபில். பல பல்கலைக்கழகங்களில் முழு ஆராய்ச்சிப் பட்டம். கேம்பிரிட்ஜில் அதே பெயரில் ஓராண்டுப் பாடவழிப் படிப்புகளும் உள. வணிக மேலாண்மைக்குரிய எம்.பி.ஏ., 1960களில் லண்டனிலும் மான்செஸ்டரிலும் வணிகப் பள்ளிகள் நிறுவப்பட்டபின் வேரூன்றியது. அதில் சேரப் பணி அனுபவமும் பெரிதும் வேண்டப்படுகிறது.

வழிவழியாகக் கல்லூரி கண்ட குடும்பத்தார்க்கு இவ்வேறுபாடுகளை வீட்டுப் பெரியோரே எடுத்துரைப்பர். முதல் தலைமுறையாகக் கற்கும் நம் பிள்ளைகளுக்கு அவ்வாய்ப்பு இல்லை. அயல்நாட்டுக் கல்விக்கான உதவித்தொகை ஒருமுறையே கிட்டக்கூடும். தேர்வு பிழைத்தால் காலமும் பொருளும் வீணாகும். ஆகவே விண்ணப்பிக்கும் முன் மூன்றினை ஆராய்தல் வேண்டும்: பாடவழியா ஆராய்ச்சிவழியா? முனைவர் பட்ட ஆய்விற்கு வழி திறக்குமா? தாயகத்தில் நாடும் பணிக்கு ஏற்கப்படுமா? இவற்றைத் தெளிவித்து வழிகாட்டுதல் கல்விச் சங்கங்களின் கடமையாகும். பட்டத்தின் பெயரில் மயங்காது அதன் பொருளறிந்து கற்பீர். கற்றதனைச் சமுதாயத்திற்குப் பயன்படச் செய்வீர்.