நிற்காத டைமரும் சாகாத ஆப்ஜெக்ட்டும்

கணினியின் நினைவகம் வாடகை வீடு மாதிரி. குடியிருப்பவர் வேலை முடிந்ததும் காலி செய்துவிட வேண்டும். ஆனால் வேலை முடிந்துவிட்டது என்று யார் முடிவு செய்வது? இந்தக் கேள்விக்கு வயது அறுபதுக்கு மேல் ஆகிறது.

1960-ல் இரண்டு பதில்கள் வந்தன. லிஸ்ப் மொழியை உருவாக்கிய ஜான் மெக்கார்த்தி சொன்னது முதல் வழி: இடம் தீரும்போது, நிரலால் எட்ட முடிகிற ஆப்ஜெக்ட்டுகளைக் குறித்துக்கொண்டு மற்றதைக் கூட்டித் தள்ளிவிடு. இதுதான் பின்னாளில் கார்பேஜ் கலெக்‌ஷன். ஜார்ஜ் காலின்ஸ் சொன்னது இரண்டாவது வழி: ஒவ்வொன்றையும் எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே வா, பூஜ்யம் ஆனால் அழித்துவிடு. இது ரெஃபரன்ஸ் கவுன்ட்டிங். இரண்டு ஆப்ஜெக்ட்டுகள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டால் எண்ணிக்கை பூஜ்யமே ஆகாது என்று 1963-லேயே ஹரால்டு மெக்பெத் சுட்டிக்காட்டிவிட்டார்.

ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் நிறுவனம் எண்ணும் வழியை எடுத்துக்கொண்டது. 1997-ல் ஆப்பிள் அந்த நிறுவனத்தை வாங்கியபோது அந்த வழியும் கூடவே வந்தது. 2008-ல் ஐபோனுக்கு ஆப் எழுத வந்த வெளியாட்கள் கைக்கு வந்ததும் அதுதான். அதில் பலரைக் கவிழ்த்த குழி, என்எஸ்டைமர்!

ஒரு ஸ்டாப்வாட்ச் திரை. டைமர் நொடிக்கொரு முறை அதைக் கூப்பிடுகிறது. ஆப்பை ஓட்டும் ரன் லூப் டைமரைப் பிடித்திருக்கிறது, டைமர் திரையைப் பிடித்திருக்கிறது. பயனர் திரையை மூடுகிறார். நிரலாளரோ "திரை அழியும்போது டைமரை நிறுத்து" என்று டீஅலாக்கில் பொறுப்பாக எழுதி வைத்திருக்கிறார். டைமர் நின்றால்தான் திரை அழியும், திரை அழிந்தால்தான் டைமர் நிற்கும்... திரையைப் பத்து முறை திறந்து மூடினால் கண்ணுக்குத் தெரியாத பத்து டைமர்கள் ஓடும். நினைவகமும் போச்சு, பேட்டரியும் போச்சு.

2011-ல் ஏஆர்சி வந்தது. எண்ணும் வேலையைக் கம்பைலரே ஏற்றுக்கொண்டது. தொல்லை தீர்ந்தது என்று பலர் நினைத்தார்கள். தீரவில்லை. திரை டைமரை வீக் ஆகப் பிடித்தாலும் பயனில்லை. ஏனென்றால் இது மெக்பெத் சொன்ன வட்டமே இல்லை, ரன் லூப்பில் தொடங்கும் நேர்ச் சங்கிலி. மெக்கார்த்தி வழியிலும் இதே கதைதான். ஓடும் டைமர் வழியாகத் திரையை எட்ட முடிகிறதே, அது எப்படிக் குப்பையாகும்? 2000-ல் ஜாவா 1.3-ல் வந்த டைமரிலும் இதே சிக்கல் உண்டு.

சிலர் டைமருக்கும் திரைக்கும் நடுவே, திரையை வீக் ஆக மட்டும் பிடிக்கும் ஒரு சின்ன ஆப்ஜெக்ட்டை வைத்துச் சமாளித்தார்கள். 2016-ல் ஐஓஎஸ் 10 பிளாக் வடிவ டைமரைத் தந்தது. அதற்குள் திரையை வீக் ஆகப் பிடித்தால் திரை அழியும், டீஅலாக்கும் ஓடும். ஆனாலும் அங்கே இன்வாலிடேட் என்று எழுதாவிட்டால், திரை போன பிறகும் டைமர் வெறுமனே அடித்துக்கொண்டே இருக்கும்.

ஒரு முறை மட்டும் அடிக்கும் டைமர் வேலை முடிந்ததும் தானே விலகிவிடும். திரும்பத் திரும்ப அடிப்பதற்கு முடிவு கிடையாது. யார் பிடித்திருக்கிறார்கள் என்பது எண்ணிக்கைக்குத் தெரியும், எதை எட்ட முடியும் என்பது கலெக்டருக்குத் தெரியும். இனி தேவையா என்பது மட்டும் இரண்டுக்கும் தெரியாது. அந்த ஒரு வரியை நிரலாளர்தான் எழுத வேண்டும்.