அப்பாவின் சீனா ஆல்பம்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் வீட்டில் அதற்குச் 'சீனா ஆல்பம்' என்றுதான் பெயர். அப்பா சொல்தா என்பது உங்களில் பலருக்குத் தெரியும். "எம்மவன் சீனாவுல சண்டை போட்டவன்" என்று பாட்டி வில்லியனூர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அப்பா சொன்னது 'அந்தோஷின்'. பாட்டியின் வாயில் அது சீனாவாகிவிட்டது. உண்மையில் அது பிரெஞ்சு இந்தோசீனா, இன்றைய வியட்நாம், லாவோஸ், கம்போடியா. (வேலைக்குச் சேர்ந்த புதிதில் வகுப்பில் நானும் சீனா என்றே சொல்லியிருக்கிறேன். அந்த செட் மாணவர்கள் மன்னிக்கவும்.)

நம் ஊர்க்காரர்கள் சைகோனுக்குப் போவது புதிதல்ல. 1881 ஆணைப்படி பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற 'ரெனோன்சான்' குடும்பத்தார் பலர் அங்கே அரசாங்க உத்தியோகம் பார்த்தார்கள். 1946-இல் போர் மூண்டபோது படைக்கும் போனார்கள். அப்பா அப்படிப் போனவர்தான். போரைப் பற்றி எங்களிடம் வாயே திறந்ததில்லை.

அம்மா காலமான பிறகு ஆல்பம் என்னிடம் வந்தது. படங்களின் பின்னால் ஊர் இல்லை, தேதி இல்லை. அண்ணன் மகன் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிக் கொடுத்தான். மணிக்கூண்டு வைத்த மார்க்கெட் சைகோனின் பென் தான் என்று உடனே தெரிந்தது. இரட்டைக் கோபுர மாதாகோயில் முன்னால் அப்பா நிற்கும் படத்தில்தான் எனக்கு வேலை இருந்தது. அவருக்குப் பின்னால் ஒரு பீடம், மேலே சிலை இல்லை. அங்கிருந்த பிஷப் சிலையை 1945-இல் அகற்றினார்கள். இப்போதுள்ள மாதா சிலை வந்தது 1959-இல். அப்பா நின்றது அந்த வெறும் பீடத்துக் காலத்தில்.

இன்னொன்றில் ஏரி நடுவே சின்னக் கோபுரம். அது ஹனோய். அப்படியானால் அப்பா வடக்கேயும் போயிருக்கிறார்! 1954 அக்டோபர் 10-இல் ஹனோய் பிரெஞ்சுக்காரர் கையை விட்டுப் போனது. அதே மாதம் 18-ஆம் தேதி நம் கீழூரில் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். அங்கே கொடி இறங்கிய எட்டாம் நாள் இங்கேயும் முடிவாகிவிட்டது. பள்ளியில் இரண்டையும் வேறு வேறு பாடமாகத்தான் நடத்தினேன்.

இனி சொல்லத் தயங்கிய விஷயம். ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வியட்நாம் பெண், மடியில் கைக்குழந்தை. அந்தப் பக்கம் வந்தால் அம்மா மூடிவிடுவார். அண்ணன் ஒருமுறை "யாரும்மா இது?" என்று கேட்டு அறை வாங்கினான். அப்பாவிடம் கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லை. அவருக்கு அங்கே ஒரு குடும்பம் இருந்தது என்று நாங்கள் எல்லோருமே மனசுக்குள் முடிவு கட்டியிருந்தோம்.

போன மாதம் பாகூரில் அப்பாவோடு படையில் இருந்த ஒருவரின் வீட்டுக்குப் போனேன். கூடத்துச் சுவரில் அதே படம், கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது! அவருடைய மருமகள் சாதாரணமாகச் சொன்னார்: "அது எங்க அத்தைதான் டீச்சர். சைகோன்லேர்ந்து மாமாவோட வந்தவங்க. மடியில இருக்கறது எங்க வீட்டுக்காரரு." பக்கத்தில் இன்னொரு படம். அதே அம்மாள் புடவை கட்டி, தலை நரைத்து, பாகூர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். சிநேகிதர் குடும்பத்துப் படத்தை அப்பா ஆல்பத்தில் வைத்திருந்தார், அவ்வளவுதான். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அம்மாவும் கேட்டிருக்கலாம். பஸ்ஸில் வரும்போது அம்மாவை நினைத்து அழுதுவிட்டேன்.

ஒரு படம் பாக்கி. நான்கு சொல்தாக்கள், பின்னால் தென்னந்தோப்பு. அப்பாவும் பாகூர்க்காரரும் இடது பக்கம். மூன்றாவது ஆள் உயரம், இடது புருவத்தில் தழும்பு, கையில் புல்லாங்குழல். நான்காவது ஆள் சிறு பையன் மாதிரி இருக்கிறார். ஏம்பலம், கரையாம்புத்தூர், நெட்டப்பாக்கம் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் காட்டுங்கள். படத்தைக் கீழே போட்டிருக்கிறேன்.