வாசகியை விளித்தவர்கள்

நாவலாசிரியர்களிடம் எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் பழக்கம், கதையை நடுவில் நிறுத்திவிட்டு நம் பக்கம் திரும்பிப் பேசத் தொடங்குவது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்திய நாவல்களைப் படிப்போர் இதற்குத் தப்ப முடியாது. பங்கிம்சந்திரர் பாத்திரத்தை வாசலிலேயே நிற்கவைத்துவிட்டு, வாசகரை விளித்து அதன் குணத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்வார். வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில் (1879) கதையோடு போட்டியிடும் அளவுக்கு நீதியுரைகளும் கிளைக்கதைகளும் உண்டு. சந்துமேனோனின் 'இந்துலேகா' (1889) இன்னும் ஒரு படி மேல். காதல் கதையின் பதினெட்டாம் அத்தியாயம் முழுவதும் நாத்திகம் குறித்தும் காங்கிரஸ் குறித்தும் மூன்று ஆண்கள் விவாதிக்கிறார்கள். மாணவர்கள் அந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போவதைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

மூவரும் நீதிமன்றப் பதவி வகித்தவர்கள் என்பது கவனிக்கத்தக்கது. பங்கிம் துணை மாஜிஸ்திரேட். மற்ற இருவரும் முன்சீப்புகள். பகலெல்லாம் தீர்ப்பெழுதிய கை, கதை எழுதும்போதும் தீர்ப்புரைக்காமல் ஓயவில்லை போலும். இது ஊகம்தான், முழுக் காரணமும் அன்று. கதாகாலட்சேபம் செய்பவருக்கு எதிரே கேட்போரின் முகங்கள் தெரியும். 1872இல் 'வங்கதர்சன்' இதழைத் தொடங்கி அதில் 'விஷவிருட்ச'த்தைத் தொடராக எழுதிய பங்கிமுக்கு அந்த வசதி இல்லை. எங்கோ ஒரு வீட்டின் உள்ளறையில் தனியே அமர்ந்து மௌனமாகப் படிக்கும் ஒருவரை, அதிலும் ஒரு பெண்ணை, அவர் கற்பனை செய்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த விளிகள் அக்கற்பனையின் தடயங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த படமான சத்யஜித் ராயின் 'சாருலதா' (1964) அந்த வாசகியை நம் கண்முன் நிறுத்துகிறது. தாகூரின் 'சிதைந்த கூடு' (1901) குறுநாவலை எடுத்துக்கொண்ட ராய், கதை நிகழும் காலத்தை 1879 என்று வகுத்துக்கொண்டார். முதல் சில நிமிடங்களில் பேச்சு மிகக் குறைவு. சாரு கைக்குட்டையில் பூத்தையல் போடுகிறாள். புத்தக அலமாரியின் முன் நின்று பங்கிமின் பெயரை ராகமிட்டு முணுமுணுக்கிறாள். ஜன்னல் சட்டங்களின் இடுக்கு வழியே தெருவில் போவோரைக் கைக்கண்ணாடியால் பார்க்கிறாள். கணவன் பூபதி புத்தகத்தில் ஆழ்ந்தவனாக அவளைக் கடந்து போகிறான், அவள் நிற்பதை அறியாமலே. அவனையும் அதே கண்ணாடியால்தான் அவள் பார்க்கிறாள்.

பூபதி கெட்டவன் அல்லன். வீட்டிலேயே அச்சுக்கூடம் வைத்து, ஆங்கிலத்தில் அரசியல் ஏடு நடத்தி, பொதுமக்களை நோக்கிப் பேசுகிறான். அந்தப் பொதுமக்களில் மனைவிக்கு இடமில்லை. அவ்வீட்டின் அலமாரியிலிருந்து அவளை நோக்கிப் பேசியவர் பங்கிம் ஒருவரே. நமக்குச் சலிப்பூட்டும் அந்த விளி, அவளுக்கு எப்படி ஒலித்திருக்கும்? பின்னர் அவளே எழுதி அது ஒரு பத்திரிகையில் அச்சேறும்போது நமக்கு வியப்பு எழாததற்கு, அந்தத் தொடக்கக் காட்சியே காரணம்.

ஆகவே, பாடத்திட்டத்திற்காக இந்நாவல்களைச் சுருக்க முனைவோர் வாசகரை விளிக்கும் பகுதிகளில் கத்தரி வைக்கலாகாது என்பது என் வாதம். கதைச் சுவைக்கு அவை இடையூறு. வாசிப்பின் வரலாற்றுக்கோ அவை சான்று. பதினெட்டாம் அத்தியாயத்தையும் இதே நியாயத்தால் காப்பாற்றலாமா என்றால், அதற்கு எனக்கு இன்னும் துணிவில்லை.

இப்பழக்கம் நாவலாசிரியர்களுக்கு மட்டுமே உரியதும் அன்று. ஆர்.கே. நாராயண் 'தி கைடு' (1958) நாவலை, மழை வந்ததா இல்லையா என்று திட்டமாகச் சொல்லாமலே முடித்தார். அதைத் தழுவிய விஜய் ஆனந்தின் இந்திப் படம் (1965) மழையைக் கொட்டவைத்தது; அது போதாதென்று, சாகக் கிடக்கும் ராஜுவை அவனுடைய ஆன்மாவோடு வாதாடவும் வைத்தது. வங்கதர்சன் காலத்து எழுத்தாளருக்கு இருந்த காரணம் இங்கே இல்லை. திரையரங்கு நிறைய முகங்கள் இருந்தன. பாடல்களுக்காக அப்படத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்ப்பேன். அந்த வாதம் தொடங்கியதும் தேநீர் போட எழுந்துவிடுவேன்.