16 அங்குலத் தட்டில் ஓடிய வெள்ளைக் குதிரை

அந்தத் தட்டின் குறுக்களவு 16 அங்குலம். வீட்டு கிராமபோனில் வைக்கவே முடியாது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் ஒரு பக்கம் ஏறத்தாழ 15 நிமிடம் பேசும். திருப்பிப் போட்டால் இன்னொரு 15 நிமிடம். அமெரிக்க வானொலி நிலையங்களின் உபயோகத்துக்கு மட்டும் செய்யப்பட்டதால் கடைகளில் விற்பனைக்கு வரவில்லை. ‘தி லோன் ரேஞ்சர்’ என்ற கௌபாய் நாடகத்தை இன்றைக்கும் நாம் கேட்க முடிவது இந்தத் தட்டின் புண்ணியம்.

நாடகம் பிறந்தபோது தட்டு கிடையாது. 1933 ஜனவரி கடைசியில், பொருளாதாரப் பெருமந்தம் உச்சத்தில் இருந்த நாளில், டெட்ராய்ட் நகரின் டபிள்யூ.எக்ஸ்.ஒய்.இசட். நிலையத்தில் முதல் கதை ஒலிபரப்பானது. நிலையத்தின் முதலாளிகளில் ஒருவரான ஜார்ஜ் டபிள்யூ. டிரெண்டில், திரையரங்குத் தொழிலிலிருந்து வானொலிக்கு வந்தவர். நிலையம் சி.பி.எஸ். வானொலி வலையமைப்பை விட்டு 1932இல் வெளியேறியதால், ஒலிபரப்பு நேரத்தைத் தன் சொந்தச் சரக்கால் நிரப்ப வேண்டிய நிலை. எழுதுவதற்கு பஃபலோ நகரத்து ஃபிரான் ஸ்ட்ரைக்கர் கிடைத்தார். அவர் அங்கிருந்தே கதைகளைத் தபாலில் அனுப்ப, ஜேம்ஸ் ஜுவல் டெட்ராய்டில் நாடகமாக்கினார்.

முகமூடி அணிந்த ஒரு வீரன்; சில்வர் என்ற வெள்ளைக் குதிரை; வெள்ளித் தோட்டா. தனி ஆளாகச் சுற்றுபவன் வானொலியில் யாரிடம் பேசுவான்? மனதில் நினைப்பதைக் கேட்பவர் காதுக்குக் கொண்டுபோக ஒரு துணை தேவைப்பட்டது. சில வாரங்களிலேயே டோன்டோ என்ற செவ்விந்தியத் தோழன் கதைக்குள் வந்துவிட்டான். நாயகனுக்குக் கண்டிப்பான விதிகள் இருந்தன. யாரையும் கொல்வதற்காகச் சுடமாட்டான். கொச்சையாகப் பேசமாட்டான். குடிக்கமாட்டான்.

ஆளைக் கொல்லக் கூடாது என்ற அந்த விதிதான் கதைகளைச் சுவையாக்கியது. துப்பாக்கியால் முடிக்க முடியாததை மூளையால் முடித்தாக வேண்டுமே. டோன்டோ ஊருக்குள் போய் மதுக்கடைப் பேச்சை ஒட்டுக்கேட்பான். ரேஞ்சர் தாடி ஒட்டிக்கொண்டு, தங்கம் தேடியலையும் கிழவனாகக் கொள்ளையர் நடுவில் உட்காருவான். கூட்டாளிகளுக்குள் சந்தேகத்தைக் கிளப்பிவிடுவான். குற்றவாளி தன் வாயாலேயே உண்மையைக் கக்கும் நேரத்தில் ஷெரீப் கதவுக்குப் பின்னால் நின்றிருப்பார். வேடத்தை நம் கண்ணால் பார்க்க முடியாது. குரல் மாறுவதைக் கொண்டே புரிந்துகொள்ள வேண்டும். கொள்ளையனுக்குத் தெரியாதது கேட்பவருக்குத் தெரியும். அந்த இன்பத்தை வானொலி அளவுக்குத் தரக்கூடிய ஊடகம் அப்போது வேறு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

குதிரைக் குளம்பொலியை ஸ்டூடியோவிலேயே கையால் எழுப்பினார்கள். சரளைக்கல் நிரப்பிய பெட்டியில், கழிவுநீர் அடைப்பு எடுக்கும் ரப்பர்க் கிண்ணங்களைத் தாளத்தோடு அழுத்தி எடுத்தால் ஒரு குதிரை பாய்ந்து போகும். முகப்பு இசை, ரோசினியின் ‘வில்லியம் டெல்’ ஓபராவின் தொடக்க இசையிலிருந்து எடுத்தது. 1829இல் மேடையேறிய படைப்பு என்பதால் யாருக்கும் உரிமைத்தொகை தர வேண்டியதில்லை. வாரம் மூன்று நாள், எல்லாமே நேரடி ஒலிபரப்பு. அரை மணி நேரம் முடிந்ததும் நாடகம் காற்றோடு போய்விடும்.

இந்த நிலை மாறியது சேமிக்கும் எண்ணத்தால் அல்ல, வியாபாரத்தால். 1933 மே மாதம் சிறுவர்களுக்கு ஒரு பொம்மைத் துப்பாக்கி இலவசம் என்று அறிவித்தபோது ஏறத்தாழ 25,000 கடிதங்கள் வந்து குவிந்தன. அந்த ஆண்டே சில்வர்கப் ரொட்டி நிறுவனம் விளம்பரதாரரானது. 1934இல் மியூச்சுவல் வலையமைப்பு உருவானதும் நாடகம் தொலைபேசிக் கம்பி வழியாகப் பல நகரங்களுக்குப் போனது. ஆனால் எல்லா ஊருக்கும் கம்பி போகவில்லை. ஒரு வட்டாரத்தில் விற்கும் ரொட்டி இன்னொரு வட்டாரத்தில் கிடைக்காது. தென்கிழக்கு மாநிலங்களில் நாடகத்துக்குப் பணம் கொடுத்தது மெரிட்டா ரொட்டி. விளம்பரம் ஊருக்கு ஊர் மாற வேண்டும், நாடகம் மாறாமல் இருக்க வேண்டும். இதற்கு ஒரே வழி, நாடகத்தைத் தட்டில் பதிந்து அனுப்புவது. 1937 முடிந்து 1938 பிறக்கும் சமயத்தில் அது வழக்கமாயிற்று.

பதிவு வேலையைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். அலுமினியத் தகட்டின்மேல் லாக்கர் பூசிய தட்டு சுழலும். கூரிய ஊசி அதில் தடம் கீறிக்கொண்டே போகும். கீறும்போது கருப்பு நூல்போல ஒரு சுருள் எழும்பும். அது ஊசியில் சிக்கினால் பதிவு கெட்டுவிடும், எளிதில் தீப்பற்றக்கூடியதும்கூட. அதனால் சில தட்டுகளை மையத்திலிருந்து தொடங்கி விளிம்பை நோக்கிக் கீறினார்கள். சுருள் நடுவிலேயே ஒதுங்கிவிடும், ஊசியின் பாதையில் வராது. அப்படிப்பட்ட தட்டைப் போடுபவரும் ஊசியை உட்பக்கம்தான் வைக்க வேண்டும். கீறிய தட்டின்மேல் உலோகம் படியவைத்து அச்சு எடுப்பார்கள். அந்த அச்சில் அழுத்திய நகல்கள் நிலையம் நிலையமாகப் பயணம் போகும். அங்கே உள்ளூர் அறிவிப்பாளர், நாடகத்தின் நடுவே விட்டிருக்கும் இடைவெளியில் தன் ஊர் ரொட்டியைப் பற்றிப் பேசுவார்.

இரண்டாம் உலகப் போரின்போது அலுமினியத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. லாக்கர் பூசுவதற்குக் கண்ணாடித் தகடு பயன்பட்டது. கை தவறினால் ஒரு நாடகமே தரையில் நொறுங்கிப் போகும்.

அந்த ஆண்டுகளின் பெரிய இழப்பு ஒரு மனிதர். 1933 முதல் ரேஞ்சராகக் குரல் கொடுத்த ஏர்ல் கிரேசர், 1941 ஏப்ரல் 8ஆம் தேதி கார் விபத்தில் இறந்தார். நாட்டுச் சிறுவர்கள் நன்கு அறிந்த குரல் அது. எழுத்தாளர்கள் பதற்றப்படாமல் ஒரு வழி கண்டார்கள். கதையில் ரேஞ்சர் படுகாயம் அடைகிறான், பேச முடியவில்லை. சில நாள் டோன்டோவே கதையைத் தாங்குகிறான். காயம் ஆறி ரேஞ்சர் வாய் திறந்தபோது ஒலித்தது, அதுவரை அறிவிப்பாளராக இருந்த பிரேஸ் பீமரின் ஆழ்ந்த குரல். அவர் கடைசிவரை தொடர்ந்தார். கிரேசரின் குரல் தட்டுகளில் தங்கிவிட்டது.

1949இல் ரேஞ்சர் தொலைக்காட்சிக்குப் போனான். 1954 செப்டம்பர் 3ஆம் தேதி வானொலியில் கடைசிப் புதிய கதை வந்தது. மொத்தம் 2,956 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அதே ஆண்டு டிரெண்டில் உரிமைகளை 30 லட்சம் டாலருக்கு விற்றார். உரிமைகளை எப்போதோ எழுதிக் கொடுத்துவிட்டிருந்த ஸ்ட்ரைக்கருக்கு அதில் பங்கில்லை. இந்த நாடகத்தின் வரலாற்றில் என்னை மிகவும் வருத்தும் செய்தி இதுதான்.

மறுஒலிபரப்புகளும் ஓய்ந்தபின் தட்டுகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. கனமான பெரிய தட்டுகள் அலமாரியை அடைத்துக்கொண்டு நின்றன. வானொலி நிலையங்கள் இடம் மாறும்போது இப்படிப்பட்ட தட்டுகளைக் கத்தை கத்தையாகக் குப்பைக்கு அனுப்பின. தப்பியவற்றில் பல, மனம் கேட்காமல் வீட்டுக்கு எடுத்துப்போன ஊழியர்களால் தப்பியவை. பிறகு சேகரிப்பாளர்கள் கைக்கு அவை வந்தன. அவர்கள் ஸ்பூல் டேப்பில் பிரதியெடுத்துத் தபாலில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். டேப்பிலிருந்து கேசட், கேசட்டிலிருந்து குறுந்தகடு, கடைசியில் இணையக் கோப்பு. பிரதிக்குப் பிரதி இரைச்சல் கூடியது. டேப் வேகம் பிசகிய இடங்களில் ரேஞ்சரின் குரல் மெலிந்து ஒலித்தது. அப்படியும் கதை கைமாறிக்கொண்டே இருந்தது.

மூலத் தட்டு கிடைத்தால் இன்றைக்கும் மறுபடி எடுப்பார்கள். லாக்கர் பூச்சு நாளாக நாளாகச் சுருங்கி வெடிக்கும். அதற்குள்ளிருக்கும் எண்ணெய்ப் பொருள் கசிந்து தட்டின்மேல் வெள்ளைப் பொடியாகப் பூக்கும். அதைப் பக்குவமாகக் கழுவி, தடத்தில் தேயாத பகுதியைத் தொடும் ஊசியைத் தேர்ந்து, வேகத்தைச் சரிசெய்து ஒலியை எடுப்பது பொறுமையான வேலை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இந்த நாடகத்தின் ஒரு கதை இடம்பெற்றிருக்கிறது: 1937 டிசம்பர் 17ஆம் தேதி ஒலிபரப்பான ஓசேஜ் வங்கிக் கொள்ளை.

தட்டு குறைகளையும் சேர்த்தே காத்துத் தந்திருக்கிறது. டோன்டோவாகப் பேசியவர் ஜான் டாட் என்ற வெள்ளைக்கார மேடை நடிகர். அவருக்கு எழுதப்பட்டது உடைந்த ஆங்கிலம். ரேஞ்சரின் உயிரைக் காத்தவன், பல கதைகளில் அவனைவிட முன்னதாக ஆபத்தை உணர்ந்தவன், அவனுக்கு ஒரு முழு வாக்கியம் கொடுக்க மனம் வரவில்லை. பூர்வகுடி மக்கள் இதைப் பின்னாளில் சரியாகவே கண்டித்தார்கள். பதிவு இருப்பதால்தான் அந்த அநியாயத்தை யாரும் மறுக்க முடியாது. டாட் அதற்குள்ளும் கொண்டுவந்த கண்ணியத்தையும் நம்மால் கேட்க முடிகிறது.

1933 தொடக்கத்திலிருந்து 1937 கடைசி வரை, வாரம் மூன்று என்று வைத்தாலும் 700க்கு மேற்பட்ட கதைகள் ஒலிபரப்பாகியிருக்கும். டோன்டோ முதன்முதலாகப் பேசியதும் அவற்றில் ஒன்று. அவை ஏறத்தாழ முழுதும் போய்விட்டன. எழுத்துப் பிரதி இருந்தாலும் குரல் இல்லை. ரொட்டி விற்பதற்காகச் செய்த தட்டு இல்லாமல் போயிருந்தால் மீதியும் போயிருக்கும். பழைய தட்டோ ஸ்பூலோ கேசட்டோ வைத்திருப்பவர்கள் அதை எடைக்குப் போடும் முன் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டுங்கள். பழுதான பதிவை மீட்க இன்று ஆட்கள் இருக்கிறார்கள்.