நாற்பது துப்பாக்கிகள்

இங்கிலீஷ் கால்வாயின் தென்கோடியில், இங்கிலாந்துக்குத் தூரமாகவும் பிரான்ஸுக்குச் சமீபமாகவும் ஸார்க் என்று ஒரு தீவு இருக்கிறது. பூகோளப் படத்தில் அதைத் தேடப் புறப்படும் நேயர்கள் மூக்குக் கண்ணாடியோடு ஒரு பூதக் கண்ணாடியையும் எடுத்து வைத்துக் கொள்வது நல்லது. நீளம் மூன்று மைல். அகலம் ஒன்றரை மைல். பரப்பு ஏறக்குறைய இரண்டு சதுர மைல். ஜனத்தொகை ஐந்நூறுக்கும் அறுநூறுக்கும் இடையில். நம்மில் பலர் ஒரு கல்யாணத்துக்கு இதைவிட அதிகமான பேருக்கு இலை போட்டிருப்போம்!

ஆனாலும் இந்த ஐந்நூற்றுச் சொச்சம் பேருக்கு ஒரு சட்டசபை உண்டு. நீதிமன்றம் உண்டு. சொந்தமாக வரி விதித்துக் கொள்ளும் உரிமை உண்டு. இரண்டே அறைகள் கொண்ட ஒரு சிறைச்சாலையும் உண்டு, 1856-ல் கட்டியது. வருமான வரி மட்டும் கிடையாது. இந்தக் கடைசி விஷயத்தைப் படித்ததும் வாசகர்களில் சிலர் கப்பல் டிக்கெட் விலையை விசாரிக்கத் தொடங்கலாம். சற்றுப் பொறுக்க வேண்டும். சொல்ல வேண்டியது இன்னும் இருக்கிறது.

பெரிய சரித்திரங்களைப் படிக்கும்போது எனக்கு ஒரு கஷ்டம் ஏற்படுவதுண்டு. லட்சம் பேர் போருக்குப் போனார்கள், கோடி பேர் வாக்களித்தார்கள் என்று வாசிக்கும்போது மனிதர்கள் மறைந்து எண்கள்தான் நிற்கின்றன. ஸார்க்கின் சரித்திரத்தில் அந்தக் கஷ்டம் இல்லை. அங்கே ஒவ்வொருவருக்கும் ஒவ்வொருவரையும் தெரியும். அரசாங்கம் என்றால் என்ன, ஜனங்கள் தங்களைத் தாங்களே ஆண்டுகொள்வது என்றால் என்ன என்ற பெரிய கேள்விகளை அங்கே உள்ளங்கையில் வைத்துப் பார்க்கலாம்.

முதலில் இடத்தைப் பார்த்து விடுவோம். கெர்ன்ஸி என்ற பெரிய தீவிலிருந்து விசைப்படகில் சுமார் ஒரு மணி நேரப் பிரயாணம். சுற்றிலும் செங்குத்தான பாறைகள். அவற்றின் மேல் மேஜையைப் போலச் சமமான விளைநிலம். உண்மையில் இது ஒரு தீவல்ல, ஒன்றரைத் தீவு. பெரிய ஸார்க்கையும் சின்ன ஸார்க்கையும் 'லா கூப்பே' என்ற ஒடுங்கிய பாறை முதுகு ஒன்று இணைக்கிறது. இரண்டு பக்கமும் சுமார் 250 அடிக்கும் மேற்பட்ட பள்ளம், கீழே கடல். 1900-ல் கைப்பிடிக் கம்பி போடும்வரை, பெருங்காற்று அடிக்கும் நாட்களில் சின்ன ஸார்க்குப் பிள்ளைகள் அதன்மேல் தவழ்ந்து பள்ளிக்கூடம் போவார்களாம். இப்போதுள்ள சிமெண்டுப் பாதை 1945-ல் போட்டது. போட்டவர்கள் ஜெர்மன் யுத்தக் கைதிகள். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

ஸார்க்கில் மோட்டார் கார் கிடையாது, சட்டம் அனுமதிப்பதில்லை. சைக்கிள், குதிரை வண்டி, டிராக்டர் இவைதாம் வாகனங்கள். ஆம்புலன்ஸைக்கூட டிராக்டரில் பூட்டித்தான் இழுத்துச் செல்கிறார்கள். தெரு விளக்கும் இல்லை. அதனால் 2011-ல் உலகத்திலேயே முதலாவது 'இருண்ட வானத் தீவு' என்ற பட்டம் கிடைத்தது. விளக்குப் போடாததற்காகப் பட்டம் வாங்கிய ஊர் வேறு எது?

இனி சரித்திரம். இந்தத் தீவுகள் 933-ஆம் ஆண்டிலிருந்து நார்மண்டிப் பிரபுக்களுக்குச் சொந்தமாக இருந்தவை. அந்தப் பிரபுக்களில் ஒருவர் இங்கிலாந்தைப் பிடித்து ராஜாவானார். 1204-ல் ஜான் ராஜா நார்மண்டியைப் பிரெஞ்சுக்காரரிடம் பறிகொடுத்தார். தீவுகள் மட்டும் அவரோடு தங்கின. ஆகையால் இன்றுவரை இவை பிரிட்டனைச் சேர்ந்தவை அல்ல, பிரிட்டிஷ் முடியைச் சேர்ந்தவை. வித்தியாசம் நுணுக்கமானது; ஆனால் தீவுக்காரர்களுக்கு உயிர் போன்றது. பாதுகாப்பும் வெளிநாட்டு விவகாரமும் லண்டனுடைய பொறுப்பு. உள் விவகாரம் தீவினுடையது.

பதினாறாம் நூற்றாண்டில் ஸார்க் பாழாய்க் கிடந்தது. 1549-ல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து பிடித்தார்கள், பிறகு போய்விட்டார்கள். ஆளில்லாத தீவு கடற்கொள்ளைக்காரர்களுக்கு மாமியார் வீடு மாதிரி. ஆகவே 1565-ல் முதலாம் எலிஸபெத் மகாராணி, ஜெர்ஸித் தீவைச் சேர்ந்த ஹெலியர் டி கார்ட்டரெட் என்ற பிரபுவுக்கு ஸார்க்கைச் சாசனம் செய்து கொடுத்தார். நிபந்தனை ஒன்று: தீவைக் காப்பதற்குத் துப்பாக்கி பிடித்த நாற்பது ஆண்மக்கள் எப்போதும் அங்கே குடியிருக்க வேண்டும்.

ஹெலியர் புத்திசாலி. நாற்பது பேருக்குச் சம்பளம் கொடுத்து மாளாது என்று கண்டு, தீவை நாற்பது பண்ணைகளாகப் பங்கு போட்டார். ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு குடும்பம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு துப்பாக்கி. பண்ணையைத் துண்டு போடக்கூடாது; தகப்பனுக்குப் பின் மூத்த வாரிசுக்கு முழுதாகப் போக வேண்டும். துண்டு போட்டால் நாற்பது துப்பாக்கியும் நாலாபக்கமும் சிதறிவிடுமல்லவா? தீவின் தலைவருக்கு 'ஸென்யர்' என்று பட்டம். நாற்பது பண்ணைக்காரர்களும் கூடிப் பேசும் சபைக்குச் 'சீப் ப்ளீஸ்' என்று பெயர். கொள்ளைக்காரரை விரட்டப் போட்ட ஓர் ஏற்பாடு நானூற்று நாற்பது வருஷத்துக்கு அரசியல் சட்டமாக நிலைத்துவிட்டது!

ஸென்யருக்கு விசித்திரமான உரிமைகள் இருந்தன. தீவில் நிலம் கைமாறினால் விலையில் பதின்மூன்றில் ஒரு பங்கு அவருக்கு. புறா வளர்க்கும் உரிமை அவருக்கு மட்டுமே. பெட்டை நாய் வைத்துக் கொள்ளும் உரிமையும் அவருக்கு மட்டுமே. இத்தனைக்கும் அவர் முடிக்குச் செலுத்திய வருஷக் கப்பம் இன்றைய கணக்கில் இரண்டு பவுனுக்கும் குறைவு.

சாதாரண ஜனங்களுக்கும் ஓர் உரிமை உண்டு. பக்கத்து வீட்டுக்காரன் உங்கள் இடத்தில் சுவர் வைக்கிறான் என்று வைத்துக் கொள்ளுங்கள். சாட்சிகளுக்கு முன்னால் மண்டியிட்டு, 'ஹாரோ! ஹாரோ! ஹாரோ!' என்று மூன்று முறை கூவி, பிரபுவே காப்பாற்றும், எனக்கு அநியாயம் நடக்கிறது என்று பிரெஞ்சு மொழியில் முறையிட்டுக் கர்த்தர் ஜெபத்தையும் சொல்லிவிட்டால், கொத்தனார் கரண்டியைக் கீழே போட்டுவிட வேண்டும். நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்வரை ஒரு கல்லும் நகரக் கூடாது. நார்மன் காலத்து வழக்கம் இது. 1970-ல் ஸார்க்கில் ஒரு தோட்டச் சுவருக்காக இப்படிக் கூவியிருக்கிறார்கள்.

பிரபு பரம்பரை ஒரே குடும்பத்தில் நிற்கவில்லை. பட்டத்தை விற்கலாம், அடகும் வைக்கலாம். சின்ன ஸார்க்கில் வெள்ளிச் சுரங்கம் தோண்டப் போய், வெள்ளியை எடுத்ததைவிட அதிகமாகப் பணத்தைப் புதைத்த லெ பெல்லி குடும்பம் 1840-களில் தீவை அடகு வைத்தது. கடன் கொடுத்தவர், சர்க்கார் அனுமதிச் சீட்டோடு கடலில் கப்பல்களைக் கொள்ளையிட்டுச் செல்வம் சேர்த்த ஒருவர். 1852-ல் அவருடைய மகள் மேரி காலிங்ஸ் 6,000 பவுனுக்குத் தீவை எடுத்துக் கொண்டார். கொள்ளைக்காரர்களிடமிருந்து காப்பாற்றக் குடியேற்றிய தீவு கடைசியில் யாருடைய வீட்டுக்குச் சீதனமாயிற்று, பாருங்கள்! கதை எழுதும் என் போன்றவர்கள் இப்படி எழுதினால் 'நம்ப முடியவில்லை' என்று விமரிசகர்கள் சொல்வார்கள். விக்தர் ஹியூகோவும் மெர்வின் பீக்கும் இந்தத் தீவைத் தேடி வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. பீக் இங்கே வசித்ததோடு, 1953-ல் வெளியான தம் நாவல் ஒன்றுக்கும் ஸார்க்கையே களமாக்கினார்.

மேரியின் வம்சத்தில் வந்தவர் ஸிபில் ஹாத்தவே அம்மையார். 1927-லிருந்து 1974 வரை தீவின் தலைவி. 1940-ல் ஜெர்மானியர் வருகிறார்கள் என்றதும், மற்றத் தீவுகளில் ஆயிரக்கணக்கானவர்கள் கப்பலேறினார்கள். அம்மையாரோ, 'நான் இங்கேயே இருக்கப் போகிறேன்' என்று அறிவித்தார். ஸார்க்கின் ஜனங்களில் பெரும்பாலோர் அவரை நம்பித் தங்கினார்கள். ஜூலை மாதம் ஜெர்மன் அதிகாரிகள் வந்தபோது கூடத்தின் கடைசியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் கூடத்தின் முழு நீளமும் நடந்து வந்து வணங்க வேண்டியதாயிற்று. துப்பாக்கி இல்லாதவர்களுக்கு மரியாதையும் ஓர் ஆயுதந்தான்.

ஆனால் மரியாதை எல்லாவற்றையும் காப்பாற்றிவிடவில்லை. 1942 அக்டோபரில் பிரிட்டிஷ் கமாண்டோக்கள் இரவில் வந்து ஜெர்மன் சிப்பாய்களைக் கட்டிப் போட்டார்கள். அதில் சிலர் கொல்லப்பட்டார்கள். ஹிட்லர் வெகுண்டு, இனிப் பிடிபடும் கமாண்டோக்களைச் சுட்டுக் கொல்லும்படி அந்த மாதமே உத்தரவிட்டதற்கு இந்தச் சம்பவமும் ஒரு காரணம். 1943-ல் அம்மையாரின் கணவர் உட்படத் தீவுவாசிகள் சிலர் ஜெர்மனிக்கு நாடு கடத்தப்பட்டனர். 1945 மே 10-ஆம் தேதி பிரிட்டிஷ் படை வந்தபோது, சரணடைந்த 275 ஜெர்மானியர்களைக் காவல் காக்க ஆள் போதவில்லை. ஒரு வாரம் அவர்களை மேய்க்கும் பொறுப்பு அறுபத்தொரு வயது அம்மையாரிடமே விடப்பட்டது. புதைத்த கண்ணி வெடிகளைத் தோண்டி எடுக்கச் சொன்னார். பிடுங்கிய ரேடியோப் பெட்டிகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். அவர்களும் செய்தார்கள்!

யாரும் தேர்ந்தெடுக்காத ஒரு பெண்மணி. ஆனால் ஜனங்கள் விரும்பிய தலைவி. இங்கேதான் சிக்கல். நல்லவர் பட்டத்தில் இருக்கும்வரை பட்டம் நல்லதாகத்தான் தோன்றும். 1922-லிருந்து சபையில் பன்னிரண்டு பிரதிநிதிகளை ஜனங்கள் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் பண்ணைக்காரர் நாற்பது பேர். பன்னிரண்டு நாற்பதை எப்படி வெல்லும்? ஐரோப்பா முழுவதும் வாக்குரிமை வந்த பிறகும் ஸார்க் பழைய சாசனத்தோடு தூங்கியது.

எழுப்பியவர்கள் ஏழைகள் அல்ல, கோடீசுவரர்கள். டேவிட், பிரெடரிக் பார்க்ளே என்ற இரட்டைச் சகோதரர்கள் 1993-ல் பக்கத்திலுள்ள பிரெக்கூ என்ற குட்டித் தீவை வாங்கிக் கோட்டை கட்டிக் கொண்டார்கள். பிரெக்கூவும் அந்த நாற்பதில் ஒன்றுதான். சொத்து மூத்த வாரிசுக்கு மட்டும் என்ற சட்டம், தங்கள் பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்க விரும்பிய அவர்களுக்குத் தடையாக இருந்தது. வழக்குத் தொடுத்தார்கள். வாரிசுச் சட்டம் மாறியது. அடுத்தது சபை. ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தம் காட்டப்பட்டது; விவாதம் வருஷக் கணக்கில் நடந்தது. முடிவில் 2008-ல் இருபத்தெட்டு அங்கத்தினர்களும் தேர்தலில் வர வேண்டும் என்று சட்டம் வந்தது. பெட்டை நாய் உரிமையும் போயிற்று.

2008 டிசம்பர் 10-ஆம் தேதி முதல் பொதுத் தேர்தல். இருபத்தெட்டு இடங்களுக்கு 57 பேர் போட்டி! சகோதரர்கள் ஆதரித்த அபேட்சகர்களில் பெரும்பாலோர் தோற்றார்கள். மறுநாளே தீவிலிருந்த அவர்களுடைய ஹோட்டல்களும் கடைகளும் மூடப்பட்டன. நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்கு வேலை போயிற்று. சில வாரங்களில் அவை திரும்பத் திறந்தன என்பது உண்மை. ஆனால் ஜனங்கள் பாடம் கற்றுவிட்டார்கள். பிரபுவிடமிருந்து வாக்கை வாங்குவது ஒரு வேலை. முதலாளிக்கு முன்னால் அந்த வாக்கைத் தம் மனப்படி போடுவது இன்னொரு வேலை. முதல் தேர்தலிலேயே இரண்டாவது வேலையையும் செய்து முடித்த அந்த ஊரை நான் மனமாரப் பாராட்டுகிறேன். அவர்களில் எத்தனை பேர் தம் மாதச் சம்பளத்தைப் பணயம் வைத்து வாக்குச் சீட்டில் குறியிட்டிருப்பார்கள்!

கதை இங்கே சுபமாக முடிந்திருக்கலாம். முடியவில்லை. அங்கத்தினர்களுக்குச் சம்பளம் கிடையாது. இரவெல்லாம் கமிட்டி, பகலெல்லாம் பிழைப்பு, கடைத்தெருவில் அண்டை வீட்டாரின் குறை. வர வர நிற்க ஆள் குறைந்தது. சில தேர்தல்களில் இடங்களைவிட அபேட்சகர்கள் அதிகமில்லாமல், வாக்கெடுப்பே தேவைப்படவில்லை. கடைசியில் இருபத்தெட்டைப் பதினெட்டாகக் குறைத்தார்கள். ஸென்யர் பட்டம் இன்றும் இருக்கிறது. ஹாத்தவே அம்மையாரின் பேரர் 2016-ல் காலமானபின் அவர் மகன் அந்த இடத்துக்கு வந்தார். ஆனால் தீவை ஆள்வது அவரல்ல.

'பார்த்தீர்களா, பழைய ஏற்பாடே நன்றாயிருந்தது' என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹாத்தவே அம்மையார் ஒருவர் கிடைத்தார். தீவை வெள்ளிச் சுரங்கத்தில் தொலைத்தவர்களும் அதே பட்டத்தில்தான் இருந்தார்கள். அதிர்ஷ்டத்தை அரசியல் சட்டமாக்க முடியாது.

எலிஸபெத் மகாராணி விஷயம் தெரிந்தவர் என்றுதான் நினைக்கிறேன். கோட்டை கட்டு என்று சொல்லவில்லை. நாற்பது பேர் அங்கேயே குடியிருக்க வேண்டும் என்று சொன்னார். துப்பாக்கிக்கு இன்று வேலையில்லை. ஆனால் ஒரு குளிர்கால மாலையில், காற்றிலும் இருட்டிலும் சைக்கிள் மிதித்துச் சபைக்குப் போய், குப்பை வண்டியைப் பற்றியும் படகுக் கட்டணத்தைப் பற்றியும் பொறுமையாகப் பேச, பதினெட்டுப் பேர் வேண்டியிருக்கிறது. அவர்கள் வருகிறவரையில் ஸார்க் தன்னைத் தானே ஆண்டுகொள்ளும்.