காஞ்சிபுரத்து ரயில் ஜப்பான் ரயிலுக்கு மூத்தது

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபி குடித்துக்கொண்டே படியுங்கள்.

போன வாரம் ஜப்பானிலிருந்து எனக்கு ஒரு படம் வந்தது. அனுப்பியவன் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவன். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை, பயிற்சிக்காக அங்கே போயிருக்கிறான். ஒரு சின்ன ஊர் ஸ்டேஷன், இரண்டே பெட்டி வைத்த ரயில். கீழே எழுதியிருந்தான்: "சார், இங்க தண்டவாளம் நம்மூரைவிடக் குறுகலா இருக்கு. மூன்றரை அடிதானாம். நம்ம பக்கம் இப்படி எங்கயும் இருந்ததில்லையே?"

இருந்ததப்பா, நீ பிறந்த ஊரிலேயே இருந்தது என்று பதில் போட்டேன். அவன் நம்பவில்லை. அவனுக்காக எழுத ஆரம்பித்தது இது. இன்னொரு பழைய மாணவனுக்கும் இதில் ஒரு பதில் பாக்கி இருக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

நம் பாடப்புத்தகத்தில் 1853 பம்பாய் - தானே வரும். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வரும். அதற்கும் முன்னால் 1837 வாக்கில் செங்குன்றத்தில் சாலை போடக் கல் ஏற்றிவர ஆர்தர் காட்டன் மேற்பார்வையில் ஒரு சின்ன இருப்புப்பாதை இருந்தது என்பதை நான் வகுப்பில் கூடுதலாகச் சொல்வேன், ஞாபகம் இருக்கும். காஞ்சிபுரத்தை மட்டும் நானும் சொன்னதில்லை, புத்தகமும் சொன்னதில்லை.

1862-ல் இங்கிலாந்தில் இந்தியன் டிராம்வே கம்பெனி என்று ஒன்று தொடங்கினார்கள். பெரிய ரயில் கம்பெனிகளுக்கு அப்போது போட்ட முதலுக்கு ஐந்து சதவீத வட்டியை அரசாங்கமே உறுதி செய்திருந்தது. நஷ்டம் வந்தால் நம் வரிப்பணத்திலிருந்து ஈடு கட்டுவார்கள். அதனால் செலவைப் பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை. ஐந்தரை அடி அகலப் பாதை, கனமான பாலம் என்று அள்ளி இறைத்தார்கள். இந்தக் கம்பெனியின் எண்ணம் வேறு. பெரிய பாதையிலிருந்து பக்கத்து ஊர்களுக்கு மலிவாக, குறுகலாக, லேசான தண்டவாளத்தில் கிளை விடலாம் என்பது. அப்படி 1865-ல் அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்குச் சுமார் 19 மைல் பாதை திறந்தார்கள். அகலம் மூன்றரை அடி, அதாவது 1067 மில்லிமீட்டர். நம் வீட்டுப் பெண்களுக்குப் புரியும்படி சொன்னால் 42 அங்குலம். ஒரு பட்டுப்புடவையின் அகலத்தைவிட ஆறு அங்குலம் குறைவு!

இந்த அகலம் அப்போது உலகத்துக்கே புதிது. நார்வேயில் கார்ல் பில் என்ற பொறியாளர் 1862-ல் இந்த அளவில் பாதை போட்டு ஓட்டிக் காட்டினார். ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்தில் 1865-ல் ஓடியது. அதே வருஷம் நம்மூர். ஜப்பானின் முதல் ரயில் 1872-ல்தான். அந்த நாடு இன்றைக்கும் புல்லட் ரயில் தவிர்த்துப் பெரும்பாலான பாதைகளில் அதே 1067-ஐ வைத்திருக்கிறது. ஆக, நாம் ஏழு வருஷம் மூத்தவர்கள். நம் பாதைக்குப் பொறியியல் பொறுப்பில் இருந்தவர் சார்லஸ் ஃபாக்ஸ். லண்டனில் 1851 உலகக் கண்காட்சிக்குக் கண்ணாடி மாளிகையைக் கட்டிய அதே ஆள். அவ்வளவு பெரிய மனிதர் நம் தக்கோலம், திருமால்பூர் வயல்வெளிக்குத் திட்டம் போட்டிருக்கிறார் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பாகவும் இருக்கிறது, பெருமையாகவும் இருக்கிறது. (தக்கோலம் என்றதும் 949 என்று சொல்லாதவன் என் மாணவனே இல்லை.)

பாதை நிலைக்கவில்லை. அரக்கோணத்தில் ஒவ்வொரு மூட்டையையும் இறக்கி வேறு அகல வண்டியில் ஏற்ற வேண்டும். கம்பெனி 1870-ல் கர்நாடிக் ரயில்வே என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1874-ல் தென்னிந்திய ரயில்வேக்குள் கரைந்தது. இதற்கிடையில் 1870 வாக்கில் மேயோ பிரபு காலத்தில், சிக்கனப் பாதைகளுக்கு மீட்டர் அகலம்தான் என்று இந்திய அரசாங்கம் முடிவு செய்துவிட்டது. அதனால் 1878-ல் நம் பாதையை 1067-லிருந்து 1000-க்குக் குறுக்கினார்கள். வித்தியாசம் 67 மில்லிமீட்டர், மூன்று அங்குலம்கூட இல்லை. அதற்காகத் தண்டவாளத்தை நகர்த்தி, இன்ஜின், பெட்டி எல்லாவற்றையும் மாற்றவேண்டி வந்தது. தறியில் அச்சு மாற்றினால் பாவு முழுக்க மாற்ற வேண்டாமா, அந்தக் கதைதான். பதின்மூன்றே வருஷத்தில் மூன்றரை அடி ரயிலின் கதை முடிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பாதை செங்கல்பட்டு வரை நீண்டு, கடைசி ஸ்டேஷனாக இருந்த காஞ்சிபுரம் நடுவழி ஸ்டேஷன் ஆகிவிட்டது.

இனி அந்த இன்னொரு மாணவன் விஷயம்.

1980-களின் நடுவில் எட்டாம் வகுப்பில் ரயில் பாடம் நடத்தியபோது ஒருவன் எழுந்து கேட்டான்: "சார், வெள்ளைக்காரன் நம்மூருக்கு எதுக்கு ரயில் விட்டான்? யாருக்கு லாபம்?" நான் யோசிக்காமல் "கோயிலுக்கு வர்ற கூட்டத்துக்குடா, உட்காரு" என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் உட்கார்ந்தான். அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு அவன் வரவில்லை. அப்பா தறியில் கோர்வைக்கு ஆள் இல்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் வைத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா ஓட வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் கை கொடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் அந்தக் கை பெரும்பாலும் பிள்ளைகளின் கை. என் வருகைப் பதிவேட்டில் அப்படி எத்தனை பெயர்களைச் சிவப்பு மையால் அடித்தேன் என்று எண்ண எனக்குத் தைரியம் இல்லை.

அவன் கேட்டது நல்ல கேள்வி. நான் சொன்னது அரைகுறை பதில். முழுத் தவறும் இல்லை. இந்தியர்கள் ரயிலில் ஏறுவார்களா என்று சந்தேகப்பட்ட கம்பெனிகளுக்கெல்லாம் கடைசியில் சோறு போட்டது மூன்றாம் வகுப்புப் பயணிதான். வரதர் கருட சேவைக்கு வந்த கூட்டமும் அதில் உண்டு. 1979-ல் அத்திவரதர் எழுந்தருளியபோது மீட்டர்கேஜ் வண்டியில் மனிதர்கள் தொங்கிக்கொண்டு வந்ததை நானே பார்த்தேன்.

ஆனால் காஞ்சிபுரம் கோயில் ஊர் மட்டும் இல்லை, ஊரே ஒரு தொழிற்சாலை. கூரையும் புகைபோக்கியும் மட்டும்தான் இல்லை. தெருவுக்குத் தெரு தறிச் சத்தம். அன்று இங்கே பட்டு மட்டுமல்ல, பருத்தியும் ஏராளமாக நெய்தார்கள். பருத்திக்குக் கையால் நூல் நூற்றவர்கள் பெண்கள். என் பாட்டி தன் பாட்டியைப் பற்றிச் சொல்வார்: "ராட்டை அவங்களோட போச்சு. சீமை நூல் வந்ததும் பரண்ல ஏத்திட்டாங்க." சீமை நூல் ரயிலுக்கு முன்பே வரத் தொடங்கிவிட்டது. ஆனால் மாட்டு வண்டியில் நாள் கணக்கில் வந்தது சில மணி நேரத்தில் வந்தால் விலை என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நூல் மலிந்தது நெசவாளிக்குக் கொஞ்சம் நல்லது, நூற்றவளுக்குப் பிழைப்பு போனது. பின்னாலேயே மில் துணியும் வந்தது. 1876-ல் பெரம்பூரில் பக்கிங்ஹாம் மில்லே வந்துவிட்டது.

அதே 1876-ல் தொடங்கி 1878 வரை தாது வருஷப் பஞ்சம். பஞ்சத்தில் மனிதன் முதலில் நிறுத்துவது துணி வாங்குவதை. நிலம் இல்லாத, வேறு வேலை தெரியாத நெசவாளிக்கு அது இரட்டை அடி. ரயில் தானியம் கொண்டுவந்ததா, விலை அதிகம் கிடைக்கும் ஊருக்குக் கொண்டுபோனதா என்று கேட்டால், இரண்டும்தான். நம் பாதையை அந்த 67 மில்லிமீட்டருக்காகப் பிரித்துப் போட்டதும் அதே நாட்களில்தான் என்பது என் மனதை உறுத்துகிறது.

ஆகவே, தம்பி, உன் கேள்விக்கு என் பதில் இது. லாபத்துக்காக லண்டனில் பணம் போட்டார்கள்; அவர்களுக்கும் பெரிய லாபம் வரவில்லை. யாத்திரிகனுக்கும் வியாபாரிக்கும் வசதி வந்தது. உன் பாட்டனும் என் பாட்டனும் பருத்தியை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக மில் செய்ய முடியாத வேலைக்குள் ஒதுங்கினார்கள். மில்லால் செய்ய முடியாத வேலைகளில் ஒன்று கோர்வை. அந்தக் கோர்வைக்காகத்தான் நீ பள்ளியை விட்டாய். இதை அன்றைக்கு உன்னிடம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சிரிக்க வைத்து உட்கார வைத்தேன். அது தப்பு.

பிறகு ரயில் பட்டையும் சுமந்தது, மறுக்கவில்லை. கர்நாடகத்துப் பட்டு நூலும் சூரத் ஜரிகையும் இல்லாமல் நம்மூர்த் தறி ஓடாது. என் அப்பா மாதம் ஒருமுறை தகரப் பெட்டியில் சேலைகளை அடுக்கி, செங்கல்பட்டு போய் வண்டி மாறி, மெட்ராஸ் கடைக்குக் கொண்டுபோவார். பெட்டியை ஒரு நொடி கீழே வைக்க மாட்டார், மடியிலேயே இருக்கும். "காஞ்சீவரம்" என்று இன்று கடைக்காரர்கள் சொல்வது அந்தக் காலத்து இங்கிலீஷ் எழுத்தின் மிச்சம்தான்.

இப்போது பாதை மறுபடி விரிந்து 1676 மில்லிமீட்டர் அகல ரயில் ஓடுகிறது. கடற்கரையிலிருந்து திருமால்பூர் வரை மின்சார வண்டி வருகிறது. வாலாஜாபாத்தில் சரக்கு ரயிலில் கார்களை ஏற்றுகிறார்கள். பட்டு கூரியரில் போகிறது.

அந்த மாணவன் பெயரை இங்கே போடவில்லை. 1984-86 எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு யார் என்று தெரிந்திருக்கும், மூன்றாவது பெஞ்சில் ஜன்னல் ஓரம் உட்காருவான். யாராவது அவனோடு தொடர்பில் இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள். என் எண்ணையும் கொடுங்கள். மீட்டர்கேஜ் காலத்து நம்மூர் ஸ்டேஷன் படமோ பழைய டிக்கெட்டோ வைத்திருப்பவர்கள் கீழே போடுங்கள், ஜப்பானில் இருப்பவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.